ஒலி செல்லும் வழியும் பொருள் செல்லும் வழியும்

கிரேக்க தேசத்துத் தாய்மார் குழந்தையின் தொட்டிலில் நீலக் கண்ணாடியாற் செய்த கண்ணொன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதனை 'மாத்தி' என்று வழங்குவர். அச்சொல்லுக்கு அவர்கள் பாஷையிலே கண் என்பது முதற்பொருள். கண்ணேறு என்பதும், அக்கண்ணேற்றைத் தடுக்கும் காப்பு என்பதும் அதன் வழிவந்த பொருள்கள். அதே ஒலியை மலாய் பேசும் ஒருவர் செவியுற்றால், குழந்தையின் அருகே சொல்லத் தகாததைச் சொல்லிவிட்டார்களே என்று முகஞ்சுளிப்பார். அவர் பாஷையில் 'மாத்தி' என்பதற்குச் சாதல் என்று பொருள். கண்ணை அவர் என்னவென்று அழைக்கிறார் என்று கேட்டாலோ, 'மாத்தா' என்பார். ஒலியைப் பார்த்தால் ஒரு பொருத்தம், பொருளைப் பார்த்தால் வேறொரு பொருத்தம், இரண்டையும் சற்றே நெகிழ்த்திப் பார்த்தால் ஏறக்குறைய முழுப் பொருத்தம் என்று தோன்றும்படி இச்சொற்கள் அமைந்திருக்கின்றன. இதனைக் கண்டு மயங்கி, கிரேக்கரும் மலாய்க்காரரும் ஒரு காலத்தில் ஒரே குலத்தவராயிருந்தனர் என்று நூல் எழுதத் துணிவோர் எத்தேசத்திலும் உண்டு. தமிழ்நாட்டிலும் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

அமெரிக்க அறிஞர் லியோனார்டு புளூம்ஃபீல்டு 1933-இல் வெளியிட்ட 'மொழி' என்னும் பெருநூலில், தற்செயலான ஒப்புமைக்கு உதாரணமாகக் கண்ணைக் குறிக்கும் கிரேக்க 'மாத்தி', மலாய் 'மாத்தா' என்னும் இவ்விரு சொற்களையே எடுத்துக் காட்டினார். கிரேக்கச் சொல்லின் சரித்திரம் நன்கு அறியப்பட்டது. பழைய கிரேக்கத்தில் கண்ணுக்கு 'ஒம்மா' என்று ஒரு பெயர். சிறுமைப்பொருள் தரும் விகுதி சேர்ந்து அது 'ஒம்மாத்தியோன்' ஆயிற்று. காலப்போக்கில் முன்னிருந்த உயிரும், விகுதியின் கடைப்பகுதியும் தேய்ந்து 'மாத்தி' எஞ்சிற்று. பார்த்தலைக் குறித்த வேர் அந்த ஒகரத்திலும், அதனையடுத்து மகரத்தோடு கரைந்துபோன ஒரு மெய்யிலுமே இருந்தது. ஆகவே இன்று ஒலிக்கும் சொல்லில் பார்வையைக் குறித்த வேரின் சுவடு காண்பதே அரிது. நம் காதில் விழுவது விகுதிகளின் ஓசை. இத்தகைய மிச்சம் ஒன்று ஆயிரக்கணக்கான கல் தூரத்திலுள்ள தீவினரின் சொல்லோடு ஒத்து ஒலிப்பதை வைத்துக் குலமுறை கிளத்துவது, ஒரே பெயருடைய இருவரைப் பங்காளிகள் என்று சொல்லுவதற்கு ஒப்பாகும்.

மனித வாய் எழுப்பக்கூடிய ஒலிகள் சில. அநேகமாக எல்லாப் பாஷைகளும் விரும்பும் மகரம், தகரம், அகரம் என்பன அச்சிலவற்றுள்ளும் சில. அவற்றைக் கொண்டு ஈரசைச் சொல் அமைத்தால் உலகெங்கும் ஒரே வடிவம் தோன்றுவது இயல்பு. 'மாத்தா' என்பது ஸ்பானியத்தில் 'கொல்கிறான்' என்றும், புதர் என்றும் பொருள்படும், ஜப்பானியத்தில் 'மறுபடியும்', அரபியில் 'எப்பொழுது', ஹிந்தியில், சற்று மெலிந்த ஒலியோடு, அன்னை. ஸ்பானியர் பிலிப்பைன் தீவுகளை ஆண்ட முந்நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளும் இவ்வொலி ஆளுவோர் வாயில் கொலையையும், ஆளப்பட்டோர் வாயில் கண்ணையும் குறித்துக்கொண்டிருந்தது.

தற்செயலை இவ்வாறு ஒதுக்கிய பிறகு எஞ்சி நிற்கும் செய்தியே உண்மையில் வியப்புக்குரியது. மலாய்க்காரரின் 'மாத்தா' ஒரு தேசத்துச் சொல்லன்று. பிலிப்பைன் தீவுகளிலும், பீஜியிலும், ஸமோவாவிலும், நியூஸிலாந்தின் மாவோரியரிடத்தும், தென்னமெரிக்காவை நோக்கித் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவிலும் அது அநேகமாக இதே வடிவில் வழங்குகிறது. இப்பரப்பை ஐரோப்பியர் உணர்ந்த வரலாறு சுவையானது. பிரெடெரிக் டெ ஹௌட்மன் என்ற டச்சு மாலுமி, சுமத்ராவின் அச்சே ராஜ்யத்திற் சிறைப்பட்டிருந்த காலத்தில் மலாய் கற்று, 1603-இல் மலாய்க்கும் மடகாஸ்கர் பாஷைக்கும் ஒரு சொற்றொகுதி அச்சிட்டான். அவனுக்கு வேண்டியிருந்தது மிளகு வியாபாரத்துக்கு உதவும் கையேடு. பாஷைகளின் உறவை ஆராயும் எண்ணம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அந்நூலையும், 1616-இல் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்த வேறொரு டச்சுக் கப்பலார் குறித்து வந்த தீவுச் சொற்களையும் உத்ரெக்ட் நகரத்துப் பண்டிதர் ஹட்ரியான் ரேலந்து ஒருங்கே வைத்து நோக்கியபோது, மடகாஸ்கர் முதல் பசிபிக் வரையில் ஒரே பாஷையின் சாயல் படிந்திருப்பதை 1708 அளவில் எழுதினார். வடமொழிக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பேசியது 1786-இல் என்பதை நினைத்தால், இது எவ்வளவு முந்திய காட்சி என்பது விளங்கும்.

இக்குடும்பத்துக்கு ஆஸ்திரோனேசியம், அதாவது தென்றிசைத் தீவுகளுக்குரியது, என்று பிற்காலத்தார் பெயரிட்டனர். ஏறத்தாழ 1,200 பாஷைகள் இதில் அடங்கும். இவற்றின் மூலபாஷை தைவான் தீவில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கியிருக்க வேண்டும் என்பது இன்று பெரும்பாலோர் கொள்கை. ஜெர்மானிய வைத்தியராகத் தொழில் தொடங்கிப் பாஷை ஆராய்ச்சிக்கு வந்த ஓட்டோ டெம்ப்வோல்ஃப் 1934 முதல் 1938 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகளும், அவருக்குப் பின் ஹவாயில் இருந்து பல்லாண்டு உழைத்து 2022-இல் மறைந்த ராபர்ட் பிளஸ்ட் தொகுத்த பேரகராதியும் இத்துறையின் இரு தூண்கள்.

அவர்கள் கையாண்ட முறையை விளக்கக் கண்ணையும் சாவையுமே எடுத்துக்கொள்ளலாம். மலாயில் கண் 'மாத்தா', சாதல் 'மாத்தி'. ஹவாயில் கண் 'மாக்கா', சாதல் 'மாக்கே'. தைவானின் தென்பகுதி மலைகளில் வாழும் பைவான் மக்களிடையே கண் 'மாத்ஸா', சாதல் 'மாத்ஸாய்'. மலாய்ச் சொல் தகரத்தோடு நிற்குமிடத்தில் ஹவாய்ச் சொல் ககரத்தோடு நிற்கிறது. இது கண்ணில் மட்டும் நேர்ந்த விபத்தன்று, சாவிலும் நேர்ந்திருக்கிறது, பிற பசிபிக் தீவுகளில் 'தாப்பு' எனப்படும் விலக்கு ஹவாயில் 'காப்பு' ஆனதிலும் நேர்ந்திருக்கிறது. பைவான் பாஷை இன்னும் ஒரு படி மேலே செல்லுகிறது. ஜாவாவில் ஏழு என்னும் எண்ணுக்குப் 'பீத்து' என்று பெயர். அங்கே கண்ணிலும் ஏழிலும் ஒரே தகரம். பைவானிலோ ஏழு 'பீத்யு'. கண்ணில் ஒரு மெய்யும் ஏழில் வேறொரு மெய்யும் தனித்தனியே நிற்கின்றன. மூலபாஷையில் இரண்டாயிருந்த ஒலிகளைக் கடல் கடந்தோர் ஒன்றாக்கிவிட்டனர், தைவானில் தங்கினோர் பிரித்தே காத்தனர் என்று இதனால் அனுமானிக்கிறோம். தைவானே தாயகம் என்ற கொள்கைக்கு இச்சிறு தகரமும் ஒரு சாட்சி. கவனிக்க வேண்டுவது யாதெனில், உறவைக் காட்டுவது ஒற்றுமையன்று. ஒழுங்கான வேற்றுமையே உறவைக் காட்டுகிறது. கிரேக்க 'மாத்தி' மலாய்ச் சொல்லை ஹவாய்ச் சொல்லினும் நெருங்கி ஒலிக்கிறது. ஆனால் அது தனியாள்.

இவ்விடத்தில் மடகாஸ்கர் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. அத்தீவின் பாஷை போர்னியோவின் தென்கிழக்கிலுள்ள மாஆன்யான் என்னும் பாஷைக்கு மிக நெருங்கியது என்பதை ஓட்டோ டால் என்ற நார்வே நாட்டுப் பாதிரியார் 1951-இல் நிறுவினார். கல் மலாயில் 'பாத்து', மடகாஸ்கரில் 'வாத்து'. சந்திரன் 'பூலான்', அங்கே 'வூலானா'. நெருப்பு 'ஆப்பி', அங்கே 'ஆஃபு'. எல்லாம் நெறிப்படியே செல்லுகின்றன. சாதலும் 'மாத்தி' என்றே நிற்கிறது. கண் மட்டும் 'மாசு' என்று வருகிறது. இந்தச் சகரம் எங்கிருந்து வந்தது? எதிர்க்கரையாகிய ஆப்பிரிக்காவில், பாந்து இனத்தைச் சேர்ந்த செவா பாஷையில் கண்களுக்கு 'மாசோ' என்று பெயர்; சுவாஹிலியில் 'மாச்சோ'. மடகாஸ்கரில் ஆசியரும் ஆப்பிரிக்கரும் கலந்து வாழ்ந்த வரலாற்றை நோக்கினால், அத்தீவினரின் கண் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கண் என்று கருத நிறைய இடமுண்டு. மேற்போக்காகப் பார்ப்பவன் 'மாத்தா'வின் திரிபு 'மாசு' என்று எழுதிவிட்டுப் போவான். ஆனால் அதே தீவில் சூரியனுக்குப் பெயர் 'மாசுஆன்ட்ரு', பகலின் கண்; மலாயிலும் சூரியன் 'மாத்தாஹாரி', பகலின் கண். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒலிக்குள்ளே போர்னியோவிலிருந்து வந்த பொருள் குடியிருக்கிறது. ஒலி ஒரு வழியாகவும் பொருள் வேறு வழியாகவும் பிரயாணம் செய்யும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நான் கண்டதில்லை.

இனிப் பொருளின் வழியைப் பார்ப்போம். மலாயில் 'மாத்தா' முகத்திலுள்ள கண்ணோடு நிற்பதன்று. நீரின் கண் ஊற்று. காலின் கண் கணுக்கால். கத்தியின் கண் அதன் கூர்வாய். வலையின் கண் வலைத்துளை. காற்றின் கண் திசை. பணத்தின் கண் நாணயம். இரட்டித்து 'மாத்தா மாத்தா' என்றால் பழைய மலாயாவில் போலீஸ்காரர், இந்தோனேசியாவில் ஒற்றர். மார்கரேத்தா ஸெல்லே என்ற டச்சு மாது, கணவரோடு ஜாவாவிலும் சுமத்ராவிலும் சில காலம் வாழ்ந்து, பின்னர் பாரிஸில் நாட்டியமாடத் தொடங்கியபோது 'மாத்தா ஹாரி' என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். 1917-இல் பிரெஞ்சுக்காரர் அவரை ஒற்றர் என்று குற்றஞ்சாட்டிச் சுட்டுக் கொன்றனர். சூரியன் என்று பெயர் வைத்துக்கொண்டவருக்கு அப்பெயரின் முதற்பாதியே இரட்டித்து விதியாயிற்றுப் போலும். இதைத் தற்செயல் என்று சொல்ல யாருக்கும் பாஷை சாஸ்திரம் வேண்டியதில்லை.

ஜாவாவில் சொல்லின் நிலை வேறு. அங்கே மரியாதைக்கேற்ப ஒரே பொருளுக்குச் சொல்லடுக்குகள் உண்டு. 'மாத்தா' என்பது கீழடுக்குச் சொல். பெரியவர் ஒருவரின் கண்ணை 'ம்ரிபாத்' முதலிய உயர்ந்த சொற்களாற் குறிக்க வேண்டுமேயன்றி, 'மாத்தாமு', உன் கண், என்று சொன்னால் அது வசவு. கடல் முழுதும் பரந்து கிடக்கும் தொன்மையான சொல், தன் இரு புறமும் மதிப்போடு வழங்க, ஒரு தீவில் மட்டும் சண்டைக்காரர் வாயிற் போய் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

கிழக்கே செல்லச் செல்ல இச்சொல் மேன்மை பெறுகிறது. பாலினேசியத் தீவுகளிற் பலவற்றில் கண்ணிலிருந்து முகம் என்ற பொருள் பிறந்தது. பீஜியில் 'மாத்தா' முகமும் ஆகும், முன்னிற்பவனும் ஆகும், தூதனும் ஆகும். தலைவனுடைய வாக்கை மக்களுக்கும், மக்களுடைய வாக்கைத் தலைவனுக்கும் எடுத்துரைக்கும் அதிகாரிக்கு அங்கே 'மத்தானிவனுவா', மண்ணின் முகம், என்று பெயர். அத்தொடரின் கடையிலுள்ள 'வனுவா' என்பதும் நெடும் பயணி. மலாயில் அது 'பெனுவா' ஆகி இன்று கண்டத்தைக் குறிக்கிறது. வனுவாத்து என்ற தேசத்தின் பெயரில் நிற்கிறது. மாவோரியில் 'ஃபெனுவா' ஆகி நிலத்தையும், குழந்தையோடு வெளிவரும் நஞ்சையும் ஒருங்கே குறிக்கிறது. நஞ்சைப் பிறந்த மண்ணிற் புதைப்பது மாவோரியர் ஆசாரமாதலின், அவர்களுக்கு இவை இரு பொருள்கள் அல்ல. நாம் கார்த்திகை என்று சொல்லும் விண்மீன் கூட்டத்துக்கு அவர்களிடையே 'மத்தாரிக்கி' என்று பெயர். தலைவனின் கண்கள் என்று அதனை விரிப்பர். நடுக்குளிர் காலத்தில் அக்கூட்டம் விடியலில் எழுவது அவர்களுக்குப் புத்தாண்டு. 2022 முதல் நியூஸிலாந்து முழுமைக்கும் அது விடுமுறை நாள்.

தமிழர் ஒருவர் இப்பொருள்களைக் கேட்டுக்கொண்டே வந்தால், இவை நம்மிடமும் உண்டே என்று இடைமறிப்பார். உண்மைதான். ஊற்றுக்கண் என்கிறோம், வலைக்கண் என்கிறோம், சல்லடைக்கண், தேங்காய்க்கண், மயிற்பீலியின் கண் என்கிறோம். பாலத்தின் வளைவுகளைக் கண்கள் என்று எண்ணுகிறோம். முரசின் அடிபடும் இடத்தைப் பழந்தமிழர் கண் என்றனர். போதாக்குறைக்கு அச்சொல்லையே ஏழாம் வேற்றுமை உருபாகவும் ஆக்கி, எங்கும் எதிலும் பொருத்திவிட்டோம். அரபியில் 'ஐன்' என்பது கண்ணும் ஊற்றுமாம். தமிழ்நாட்டார் பலர் பிழைக்கச் சென்றிருக்கும் அல் ஐன் நகரம் ஊற்றின் பெயர் கொண்ட நகரம். பாரசீகத்தில் 'சஷ்ம்' கண், 'சஷ்மா' ஊற்று. இந்த நான்கு இடத்தும் சொல்வடிவத்தில் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஈரம் கசியும் வட்டமான துளையைக் கண்ட இடமெல்லாம் மனிதனுக்குத் தன் கண் நினைவு வந்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே, 'நீரின் கண்' என்ற மரபு ஒத்திருப்பதைக் கொண்டு உறவு பேசுவதும் ஆகாது.

'பகலின் கண்' என்பதோ அப்படியன்று. மத்தியாஸ் உர்பான் என்ற அறிஞர் 2010-இல் இதனை ஆராய்ந்து, சூரியனைப் பகலின் கண் என்று வழங்கும் மரபு உலகெங்கும் சிதறிக் கிடக்காமல் தென்கிழக்காசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் திரண்டு நிற்பதை எடுத்துக் காட்டினார். பீஜியில் 'மத்தானிசிங்கா', பகலின் கண். ஸயாம் பாஷையில் சூரியனுக்குள்ள பெயர்களுள் ஒன்றாகிய 'தாவன்' என்பதும் 'தா', கண், என்பதும் 'வன்', பகல், என்பதும் சேர்ந்தது. வியத்நாமில் சூரியன் வானத்தின் முகம். ஓரிடத்தில் ஒன்றாய் வாழ்ந்தோர், குடும்பம் வேறாயினும், ஒருவர் உவமையை ஒருவர் கேட்டு மொழிபெயர்த்துக்கொண்டனர் என்றே இதனைக் கொள்ள வேண்டியிருக்கிறது. ஒலி இங்கே பிரயாணம் செய்யவில்லை. பொருள் மட்டும் தனியே பிரயாணம் செய்திருக்கிறது.

ஸயாம் பாஷையின் 'தா' ஒரு கடினமான கேள்வியையும் எழுப்புகிறது. அப்பாஷையில் கண் 'தா', சாதல் 'தாய்'. (தமிழன் காதுக்குப் பின்னது எப்படி ஒலிக்கும் என்று விவரிக்க வேண்டுவதில்லை.) மலாயின் 'மாத்தா, மாத்தி', பைவானின் 'மாத்ஸா, மாத்ஸாய்' என்னும் இணைகளில் முதலசையை நீக்கினால் ஸயாமின் இணை கிடைக்கிறது. அமெரிக்கரான பால் பெனடிக்ட் 1942-இல் இவ்வகைச் சான்றுகளைத் தொகுத்து, ஸயாம் முதலிய பாஷைகள் ஆஸ்திரோனேசியத்துக்கு உறவென்று வாதித்தார். அதற்கு முன்பே 1906-இல் வில்ஹெல்ம் ஷ்மிட் என்ற பாதிரியார், வியத்நாமியத்தில் 'மத்', நம் நாட்டுக் காசி மலைமக்கள் பாஷையில் 'க்மத்', சந்தாலியில் 'மேத்' என்று கண்ணைக் குறிக்கும் சொற்களையுடைய ஆஸ்திரோஆசியக் குடும்பத்தை ஆஸ்திரோனேசியத்தோடு இணைத்து ஒரு பெருங்குடும்பம் கற்பித்தார். இவ்விரு வாதங்களும் ஒரே எடையுள்ளன அல்ல. பெனடிக்டின் வாதத்தில் பின்வந்தோர் ஒலிநெறிகளைத் தேடி ஓரளவு கண்டிருக்கின்றனர். ஆகவே அதனை ஏற்போர் பெருகி வருகின்றனர். ஷ்மிட்டின் வாதத்துக்கு முன்னொட்டு, இடைச்செருகல் முதலிய இலக்கணக் கூறுகளில் வலிவு உண்டேயன்றிச் சொற்களில் அவ்வளவு இல்லை. கண்ணைக் குறிக்கும் சொல் ஒன்று அழகாகப் பொருந்துகிறதே என்று அதனைக் கட்டிக்கொள்வது, கிரேக்கத்தில் நாம் விலக்கிய தவற்றைச் சந்தாலியில் செய்வதாகும்.

ஒரு சொல்லின் பொருள்களுட் சில ஓரிடத்திலும் சில வேறிடத்திலும் தங்கிவிடுவதும் உண்டு. 'லீமா' என்பது ஹவாயில் கையும் ஐந்தும் ஆம். மலாய் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு, கைக்கு 'தாங்ஙான்' என்ற வேறு சொல்லைக் கொண்டது. பாலினேசியர் கோழியை 'மோவா' என்றனர். அவர்களுள் நியூஸிலாந்தை அடைந்தோர் அங்கே ஆளுயரத்துக்கும் மேற்பட்ட, பறக்கமாட்டாத பெரும் பறவையைக் கண்டு அதற்கு அப்பெயரை இட்டனர். அப்பறவையை உண்டே தீர்த்தனர் என்பது வேறு கதை.

கடன் வாங்கிய சொற்களின் செய்தி இதனினும் நம் நாட்டுக்கு நெருங்கியது. வடமொழியில் நகரம் ஊர், தேசம் நாடு. இந்தோனேசியாவில் 'நெகாரா' நாடு, 'தேசா' கிராமம். இரண்டும் கடல் கடந்து இடம் மாறிக்கொண்டன. ஜாவாவின் அரசியலை அறிந்தோருக்கு இது விநோதமாகத் தோன்றாது. அங்கே ராஜ்யம் என்பது எல்லைக்கோடுகளால் ஆனதன்று. அரண்மனை இருந்த நகரமே ராஜ்யம், அதன் ஒளி எட்டும் வரையில் நாடு. ஆகவே நகரமென்ற சொல் நாட்டைத் தன்னுள் விழுங்கிற்று. தேசமென்ற சொல் அரண்மனைக்குப் புறம்பான நாட்டுப்புறத்தைச் சுட்டி, இறுதியில் ஒரு கிராமத்தில் போய் அடங்கிற்று. மஜாபாகித் அரசைப் பாடிய பிரபஞ்சர் 1365-இல் இயற்றிய காவியம் இன்று 'நாகரகிருதாகமம்' என்று பரவலாக அறியப்படுகிறது. அவர் தாமே அதற்கு இட்ட பெயர் 'தேசவர்ணனம்'. சோழர் காலத்திற் சில ஊர்களின் தொகுதியாயிருந்த 'நாடு' இன்று தமிழ்நாடு என்று விரிந்து நிற்பதை எண்ணினால், இத்தகைய ஏற்ற இறக்கம் நமக்கும் புதிதன்று.

மலாயில் தலைக்கு இன்று வழங்கும் பெயர் 'கெப்பாலா'. நம் கபாலமே அது. வடமொழியில் மண்டையோடாயிருந்தது மலாயில் உயிருள்ள தலையாயிற்று. பழைய ஆஸ்திரோனேசியச் சொல்லாகிய 'ஹூலு' தலையை இழந்து, ஆற்றின் தலைப்பகுதியையும் கத்தியின் பிடியையும் குறிக்கும் அளவில் ஒதுங்கிற்று. மலேசியத் தமிழர் உலு சிலாங்கூர், உலு லங்காட் என்று நாள்தோறும் சொல்லும் ஊர்ப்பெயர்களில் இருப்பது அந்தப் பழைய தலைதான். நாம் தலைக்காவிரி என்பது போல. தமிழிலிருந்தும் மலாய் கொண்டது உண்டு. நம் மாப்பிள்ளை அங்கே 'மெம்பலாய்' ஆகி மணமகளையும் குறிக்கத் தலைப்பட்டார். நம் குளம் அங்கே 'கோலம்'. அச்சொல்லை அங்கு முதன்முறை கேட்கும் தமிழ்ப்பெண் அரிசிமாவை நினைத்தால் அவள்மேற் குற்றமில்லை.

திசைப்பெயர்களைப் பற்றிச் சொல்லாமல் இவ்விஷயத்தை விட மனம் வரவில்லை. ஆஸ்திரோனேசிய மூதாதையர் திசையை ஞாயிற்றைக் கொண்டு அளக்கவில்லை. கடலை நோக்கிய புறம் ஒன்று, உள்நாட்டை நோக்கிய புறம் ஒன்று என்று அளந்தனர். முன்னதன் வழித்தோன்றல் மலாயின் 'லாவுத்', கடல், பின்னது 'டாயா'. லூஸான் தீவின் மேல்கரையில் வாழும் இலோக்கானோ மக்களுக்குக் கடல் மேற்கே இருப்பதால், அவர்கள் பாஷையில் 'லாவுத்' மேற்கு, 'டாயா' கிழக்கு. மலாயில் வடகிழக்கு 'தீமோர் லாவுத்', தென்மேற்கு 'பாராத் டாயா': வடக்கே கடலும் தெற்கே நிலமும் உடைய ஏதோ ஒரு கரையில் இப்பெயர்கள் உறைந்திருக்க வேண்டும். பாலித் தீவில் இப்பழக்கம் இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே மலைப்புறம் 'காஜா', கடற்புறம் 'கெலோட்'. தீவின் நடுவே மலை. ஆதலால் தென்கரையிலுள்ள டென்பசாரில் 'காஜா' என்றால் வடக்கு, வடகரையிலுள்ள சிங்கராஜாவில் 'காஜா' என்றால் தெற்கு. ஒரே தீவில், ஒரே பாஷையில், ஒரே சொல் நேர் எதிரான இரு திசைகளைக் காட்ட, அவ்வூரார் யாரும் வழி தவறுவதில்லை.

எஞ்சிய திசைகளைக் காற்று தந்தது. 'தீமோர்' மலாயில் கிழக்கு. அதன் உறவான 'தீமோக்' பிலிப்பைனில் தெற்கு. 'ஆத்சீமு' மடகாஸ்கரிலும் தெற்கு. 'பாராத்' மலாயில் மேற்கு. அதே சொல் பிலிப்பைனில் 'ஹபாகாத்' ஆகித் தென்மேற்குப் பருவக்காற்று. மடகாஸ்கரில் 'ஆவாரத்ரா' ஆகி வடக்கு. பருவக்காற்றின் பெயரைச் சுமந்து சென்றோர், புது நாட்டில் அக்காற்று எத்திக்கிலிருந்து வீசிற்றோ அத்திக்குக்கு அப்பெயரை இட்டனர். நம்மவர் செய்தது இதற்கு மறுதலை: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று திசையைக் கொண்டு காற்றுக்குப் பெயரிட்டனர்.

ஆனால் நிலத்தின் மேடுபள்ளத்தைக் கொண்டு திசைக்குப் பெயரிட்ட பழக்கம் நமக்கும் உண்டு. மேற்கு மேலேயுள்ளது, கிழக்கு கீழேயுள்ளது. மலை மேற்கிலும் கடல் கிழக்கிலும் உள்ள நாட்டார் வைத்த பெயர்கள் இவை. மலையாள தேசத்தில் நிலம் இதற்கு நேர் மாறானது. அங்கே மேற்குக்கு ஞாயிறு படும் திக்கு என்ற பொருளில் 'படிஞ்ஞாறு' என்று வேறு பெயர் வழங்கினாலும், மலையிருக்கும் கிழக்கு மட்டும் கிழக்கென்றே நிற்கிறது. சரிவில் ஏறிச் செல்பவனும் கீழ்த்திசைக்கே செல்கிறான். பாலியருடைய சொல் நிலத்தை விடாது பற்றிக்கொண்டு திசையை மாற்றிற்று. மலையாளியின் சொல் திசையைப் பற்றிக்கொண்டு நிலத்தை மறந்தது. கால்டுவெல் பாதிரியார் இச்சொல்லைக் கொண்டு, மலையாளம் மலைக்குக் கிழக்கேயுள்ள நாட்டிலிருந்து சென்ற பாஷை என்று வாதித்தார். பாஷை சென்றது என்பதற்கு அது நல்ல சான்று. சென்ற மக்கள் எத்தனை பேர், முன்பே அங்கிருந்து அப்பாஷையைக் கற்றுக்கொண்டோர் எத்தனை பேர் என்னும் கேள்விக்கு அச்சொல்லிடம் விடையில்லை. அதற்கு வேறு சான்றுகளைத்தான் தேட வேண்டும்.